வழியில் எங்கும் நிற்காது!

நம் ஊர் பஸ்களில் 'பாயிண்ட் டு பாயிண்ட் - வழியில் எங்கும் நிற்காது' என்று ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். நம்பி ஏறுவோம். அதற்காகக் கொஞ்சம் காசும் அதிகமாகக் கொடுப்போம். வண்டி டெப்போவைத் தாண்டியதும் டிரைவரின் மச்சான் கை காட்டுவார், நிற்கும். பைபாஸில் கண்டக்டருக்கு வேண்டிய டீக்கடை வரும், நிற்கும். கடைசியில் ரயில்வே கேட் வரும். அதற்கு யாருடைய மச்சானும் தேவையில்லை. தானாகவே நிற்கும்.

நிஜமாகவே வழியில் எங்கும் நிற்காத வண்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஏறி உட்கார்ந்தால் நியூயார்க்கில்தான் கதவைத் திறப்பார்கள். நடுவில் 15,349 கிலோமீட்டர். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் நியூயார்க்கின் கென்னடி ஏர்போர்ட்டுக்கு இதை ஓட்ட ஆரம்பித்தபோது, உலகத்திலேயே நீளமான இடைநில்லா விமானம் என்று பட்டம் கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பட்டத்தை வைத்திருந்ததும் இவர்களேதான். சிங்கப்பூரிலிருந்து பக்கத்து நெவார்க் ஏர்போர்ட்டுக்கு 15,344 கிலோமீட்டர். அதாவது தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை போகிற தூரத்தில் தங்கள் சாதனையைத் தாங்களே முறியடித்துக்கொண்டார்கள்!

இந்த 15,349-ஐ யார் டேப் வைத்து அளந்தார்கள் என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். நான் பி.காம். கணக்கு என்றால் நமக்கு வரவு-செலவுதான். ஆனால் இந்தக் கணக்கை ஒரு சாத்துக்குடியும் ஒரு பென்சிலும் இருந்தால் நாமே போட்டுவிடலாம்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி மேலே இருக்கிறது. கிழக்கே 104 டிகிரி. நியூயார்க், மேற்கே 74 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 178. பூமியின் எதிர்ப்பக்கம் என்றால் 180. ஆக, சாத்துக்குடியில் சிங்கப்பூருக்கு நேர் முதுகுப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது நியூயார்க், கொஞ்சம் தலைப்பக்கமாக. எதிர்ப்பக்கத்துக்குப் போகக் குறுக்குவழி எது? இடுப்பைச் சுற்றிப் போவதைவிட உச்சந்தலை வழியாகப் போவதுதான். சிங்கப்பூரிலிருந்து வட துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு இறங்க 49.4 டிகிரி. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். விமானக் கம்பெனி கணக்குக்கும் நம் சாத்துக்குடிக் கணக்குக்கும் மூன்றே கிலோமீட்டர் வித்தியாசம். அதை டாக்ஸிக்காரர் பார்த்துக்கொள்வார்.

ஸ்கூல் சுவரில் தொங்கிய உலகப் படத்தை வைத்துப் பார்த்தால் இது புரியாது. அந்தப் படம் சாத்துக்குடித் தோலை உரித்து, இழுத்து, அயர்ன் பண்ணியது. அதில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால், அது நிஜத்தில் சுற்றுவழி. நிஜமான நேர்வழி அந்தப் படத்தில் வில்லாக வளைந்து தெரியும். விமான டிக்கெட் எடுத்தவர்கள் டி.வி. திரையில் வழியைப் பார்த்துவிட்டு, "என்னடா இவன் வடக்கே போறான்!" என்று பதறுவது இதனால்தான்.

ஆக, கணக்குப்படி வட துருவத்துக்கு மேலே ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. ஆனால் பைலட் அப்படிப் போவாரா? பெரும்பாலும் மாட்டார். சிங்கப்பூரிலிருந்து போகும்போது ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து போவது வழக்கம். கிலோமீட்டர் கூடுதல். நேரம் குறைச்சல்! காரணம் காற்று.

டீக்கடைகளில் ரொம்ப காலமாக ஒரு கேள்வி உலவுகிறது. "பூமிதான் சுத்துதே, ஹெலிகாப்டரை எடுத்துக்கிட்டு மேலே போய்ச் சும்மா நின்னா, கீழே அமெரிக்கா தானா வந்துடாதா?" கேட்பவர் சிரிக்காமல் கேட்பார். நியாயமான கேள்விதான். பூமத்திய ரேகையில் பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. பஸ்ஸுக்குள் பறக்கிற ஈ, ஒரு இடத்தில் நின்று பறந்தாலும் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கிவிடும். பஸ் அதை விட்டுவிட்டுப் போவதில்லை. ஹெலிகாப்டரும் அந்த ஈ மாதிரிதான்.

ஆனால் உயரத்தில், பத்துப் பதினோரு கிலோமீட்டருக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம் அதற்கு சர்வசாதாரணம். அதில் ஏறிக்கொண்டால் பின்னால் ஆள் தள்ளுகிற மாதிரி. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் ராத்திரி, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று 4 மணி 56 நிமிஷத்தில் லண்டன் போய் இறங்கியது. வழக்கமாக ஆறு, ஆறரை மணி ஆகும். தரைக்கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது அந்த வேகம். அதே காற்றை எதிர்த்துப் போனால் கதை தலைகீழ். கிழக்கே போகிறவனுக்கு மாமியார் வீட்டு விருந்து. மேற்கே போகிறவனுக்கு மாமியார்.

அதனால் பைலட்டுகள் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நிமிஷத்தைப் பார்க்கிறார்கள். இன்று போன வழியில் நாளை போக மாட்டார்கள். ஒரே டிக்கெட், ஒரே இரண்டு ஊர், தினம் தினம் வேறு தூரம்.

கடிகாரம் இன்னொரு கூத்து. அமெரிக்காவில் கோடைக்காலக் கணக்கு நடக்கும் மாதங்களில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். முள்ளைத் திருப்பவே வேண்டாம். காலையை ராத்திரி என்று நினைத்துக்கொண்டால் போதும். ராத்திரி 12 மணிக்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே தேதி காலை ஆறரை. பல் விளக்கிவிட்டு ஆபீஸுக்குப் போகலாம். பதினெட்டரை மணி நேரம் உட்கார்ந்ததில் பன்னிரண்டு மணி நேரத்தைக் காணோம். அன்றைக்குக் காஷுவல் லீவ் எழுத வேண்டுமா, அரை நாள் பர்மிஷன் போதுமா என்று எந்த ஹெட் கிளார்க்கும் சொல்ல முடியாது. திரும்பி வரும்போது பிடுங்கிக்கொள்வார்கள். காலை பத்து மணிக்கு அங்கே ஏறினால், சிங்கப்பூரில் இறங்கும்போது மறுநாள் சாயங்காலம். ஒரு முழு ராத்திரியும் பகலும் சீட் பெல்ட்டுக்குள் போயிருக்கும்.

இனி என் சப்ஜெக்ட். வரவு-செலவு.

2018-ல் நெவார்க்குக்கு இதை ஓட்ட எடுத்த விமானம் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். முழு டேங்க் நிரப்பினால் 1,65,000 லிட்டர் எரிபொருள். புரியும்படி சொன்னால், நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி பதினாலு. எடை 130 டன்னுக்கு மேல். விமானம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். ஏறக்குறைய பாதி! சரி, காசு கொடுக்கிற ஜனங்கள் எத்தனை? 161 சீட். ஆளுக்குப் பெட்டி, படுக்கையோடு நூறு கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 16 டன். சம்பாதிக்கிற 16 டன்னுக்காக 130 டன்னைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். வீட்டில் ஒருத்தர் சம்பளத்தில் எட்டுப் பேர் சாப்பிடுவது நமக்குப் பழக்கம்தான். இங்கே எட்டுப் பேரும் குடிகாரர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். ஒரு டன் கூடுதலாக ஏற்றினால், அதைச் சுமப்பதற்கே மணிக்கு மணி அதில் சுமார் மூன்று சதவீதம் எரிந்துபோகும். மணிக்கு மூணு வட்டி! நம் மார்க்கெட்டில் இதற்கு மீட்டர் வட்டி என்று பெயர். பதினெட்டு மணி நேரத்துக்குக் கூட்டிப் பாருங்கள். கடைசி மணி நேரத்துக்கென்று எடுத்துவைத்த ஒரு டன்னில் நாற்பது சதவீதம் வழியிலேயே காலி. கடனை அடைக்கக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கும் குடும்பஸ்தருக்கு இது உடனே புரியும்.

நடுவில் ஓர் ஊரில் இறங்கி டேங்க் நிரப்பிக்கொண்டால் இந்த வட்டி பாதியாகக் குறையும். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். 'நிற்காமல் போகிறேன்' என்று சொன்னால் அதற்குத் தனி விலை. அந்த விலையை யாராவது கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்த 161 சீட்டில் 67 பிசினஸ் கிளாஸ், 94 பிரீமியம் எகானமி. நம்மைப் போன்றவர்கள் முழங்காலை மடக்கி உட்காரும் சாதா வகுப்பு? கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது.

இது இரண்டாவது முயற்சி. 2004-ல் நான்கு இன்ஜின் ஏ340-500 வைத்து இதே சிங்கப்பூர்-நெவார்க்கை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த டேங்க் 2 லட்சம் லிட்டருக்கும் மேல். முதலில் 181 சீட் வைத்தார்கள். கட்டுப்படியாகவில்லை. 2008-ல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நூறே நூறு பிசினஸ் சீட். அப்படியும் எண்ணெய் விலை விடவில்லை. 2013 நவம்பரில் கடையைக் கட்டினார்கள். அந்த விமானத்தில் ஒரு விசேஷம் இருந்தது. பதினெட்டு மணி நேரத்தில் வழியில் இறங்க இடம் கிடையாதே, யாராவது பயணி இறந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, கதவுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஓர் அலமாரி வைத்திருந்தார்கள். 'வழியில் எங்கும் நிற்காது' என்றால் எதற்காகவும் நிற்காது என்றுதானே அர்த்தம்! இரண்டு இன்ஜினில் சிக்கனமாக ஓடும் ஏ350 வந்த பிறகுதான், ஐந்து வருஷம் கழித்து மறுபடி துணிந்தார்கள்.

"உலகம் சுருங்கிப் போச்சு ஸார்" என்று எல்லாரும் சொல்கிறோம். எங்கே சுருங்கியது? சாத்துக்குடி அதே சைஸ்தான். சரி, வேகமாவது கூடியிருக்கிறதா? 1958 அக்டோபரில் பான் ஆம் கம்பெனி போயிங் 707 ஜெட்டை நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு அனுப்பியது. மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். இன்றைய ஏ350? மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர்! அறுபது வருஷத்துக்கு மேலாக அதே ஸ்பீடோமீட்டர். நடுவில் கான்கார்ட் மட்டும் 1976-லிருந்து 2003 வரை சத்தத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. அதுவும் மியூசியத்துக்குப் போய்விட்டது. இன்று வேகமாகப் பறக்க ஆளில்லை.

அப்படியானால் குறைந்தது என்ன? நிற்கும் இடங்கள்தான்.

1947 டிசம்பரில் குவான்டாஸ் கம்பெனி சிட்னியிலிருந்து லண்டனுக்கு முதல் கான்ஸ்டலேஷன் விமானத்தை அனுப்பியது. 29 பயணிகள், 11 சிப்பந்திகள். டார்வினில் இறங்கியது. சிங்கப்பூரில் இறங்கி ராத்திரி தங்கியது. பிறகு கல்கத்தா, கராச்சி. கெய்ரோவில் மறுபடி ராத்திரித் தங்கல். அப்புறம் திரிபோலி. ஒருவழியாக லண்டன். நான்கு நாள். அதில் வானத்தில் இருந்தது சுமார் 55 மணி நேரம்தான். மீதியெல்லாம் இறங்கி, ஏறி, சாப்பிட்டு, தூங்கியது. போக வர டிக்கெட் 585 பவுண்டு. அன்றைய ஆஸ்திரேலியருக்கு அது பெரிய தொகை. 2018 மார்ச்சில் அதே குவான்டாஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் போக ஆரம்பித்தது. 14,499 கிலோமீட்டர், சுமார் பதினேழு மணி நேரம்.

நிற்காமல் பறப்பதில் நிஜமான ராஜாக்கள் இவர்களுக்கும் முன்னால் இருந்தார்கள். அதுவும் நம் பக்கத்து வீட்டில். 1942-ல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்குமான விமான வழி அறுந்துபோனது. 1943-ல் ஒரு ரகசிய ஏற்பாடு. பெர்த் ஆற்றிலிருந்து கேட்டலினா என்ற கடல் விமானம் கிளம்பும். இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில் வந்து இறங்கும். தூரம் 5,600 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வேகம் மணிக்கு இருநூறு. ஆகவே 28 மணி நேரம், காற்று சரியில்லாவிட்டால் 32 மணி நேரம்கூட. ஜப்பான்காரன் காதில் விழக்கூடாதென்று ரேடியோ பேசக்கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. எரிபொருளே எடையை எல்லாம் தின்றுவிட்டதால் பயணிகள் மூன்றே பேர், தபால் 69 கிலோ. கிளம்பி இறங்குவதற்குள் சூரியன் இரண்டு தடவை உதிக்கும். அதனால் போனவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். 1945 வரை 271 தடவை கடலைக் கடந்திருக்கிறார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. ஆகாயத்தில் இருந்த நேரத்தை மட்டும் பார்த்தால் இன்றைய சிங்கப்பூர்-நியூயார்க் அவர்கள் கிட்டேகூட வர முடியாது.

யுத்தம் வந்தால் தூரம் கூடும் என்பதற்கு ஹெல்சிங்கியையும் சாட்சிக்கு அழைக்கலாம். அங்கிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா வழியாக ஒன்பது மணி நேரத்துச் சொச்சம். 2022-ல் உக்ரைன் யுத்தம் ஆரம்பித்து ரஷ்ய வானம் மூடியதும் அதே பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சண்டை போட்டவர்கள் வேறு யாரோ.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது விமானம் ஏறுகிற உத்தேசத்தில் அல்ல. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர். ஒரே பையன், நியூஜெர்ஸியில். சாயங்காலம் ஏழு மணிக்கு உயிர் போனது. உடனே போன். அங்கே காலை ஒன்பதரை. பையன் ஆபீஸில் இருந்தான்.

நியூயார்க்குக்கும் சென்னைக்கும் சாத்துக்குடிக் கணக்கில் சுமார் 13,500 கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் குறைச்சல். நிற்காமல் பறந்து வரக்கூடிய விமானம் உலகத்தில் இருக்கிறது. ஆனால் இந்த ரூட்டில் இல்லை. கிடைத்தது துபாய் வழி டிக்கெட். அவர்கள் ஊர் ராத்திரி பத்துக்குக் கிளம்புகிறது. நம் கணக்கில் மறுநாள் காலை ஏழரை.

இரண்டாம் நாள் பகல் பூராவும் அந்த வீட்டு வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் சேர்களில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வாடகை ஐஸ் பெட்டி. போனில் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வசதி என்னிடம் இருந்ததால், இழவு வீட்டின் ஸ்டேஷன் மாஸ்டர் நான்தான் என்று ஆகிவிட்டது.

"தம்பி, இப்ப எங்க வர்றான்?"

"அயர்லாந்து மேலங்க."

"அயர்லாந்தா? அங்க எதுக்குப் போனான்?"

நல்ல கேள்வி. அங்கே சாத்துக்குடி இல்லை. இருந்த எலுமிச்சம்பழத்தை வைத்து விளக்கினேன். கிராமத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா ஒருவர் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சரி, நேராத்தான் வர்றான்" என்று எல்லாருக்கும் அறிவித்தார். அவர் சொன்ன பிறகுதான் ஜனங்கள் நம்பினார்கள்.

ஐந்தரை மணிக்குத் துருக்கி. எட்டு மணிக்குத் துபாய். அங்கே நாலரை மணி நேரம் காத்திருப்பு. வாசலில் இருந்தவர்களுக்கு அதுதான் தாங்கவில்லை. பறந்த பன்னிரண்டரை மணி நேரத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. "ஓடிட்டிருக்கில்ல, வந்துரும்" என்று ஒரு தைரியம். படத்தில் விமானம் நின்ற பிறகுதான் ஆளாளுக்கு எழுந்து நடந்தார்கள். ஐஸ் பெட்டிக்காரர் இரண்டு தடவை வந்து பிளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தம்மா மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "நடுவுல எங்கயோ இறங்கியிருக்கானாமே?"

"ஆமாங்க. துபாய்ல."

"நல்லதாப் போச்சு. ஒரு வாய் காபியாச்சும் குடிப்பான்."

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் பையன் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். போன் போன நேரத்திலிருந்து முப்பத்தைந்து மணி நேரம். பழக்க தோஷம், இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். வானத்தில் இருந்தது பதினாறரை. தரையில் இருந்தது பதினெட்டரை: டிக்கெட் தேடியது, ஏர்போர்ட்டுக்கு ஓடியது, வரிசையில் நின்றது, துபாயில் பெஞ்சில் உட்கார்ந்தது, இமிக்ரேஷன், டாக்ஸி. இவ்வளவு பெரிய பூமியைத் தாண்டியதைவிட அதன் மேல் நின்றதற்குத்தான் அதிக நேரம் போயிருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் பாஸ்போர்ட்டோடு அலைகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆகவே உலகத்தில் எந்த மூலையில் வேலை கிடைத்தாலும் வீட்டிலிருந்து 20,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போக உங்களால் முடியவே முடியாது. அதற்கு மேல் போனால் திரும்பி வர ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த உச்சவரம்பை ஆண்டவனே போட்டுவிட்டான்.

ஆனால் ஆஃபர் லெட்டர் வந்ததும், சம்பளத்தை எழுபதாலும் எண்பதாலும் பெருக்கிப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு கணக்கும் போடுங்கள். அந்த ஊரிலிருந்து நம் ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அல்ல. ஒரு போன் வந்தால், அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை எத்தனை மணி நேரம்? நடுவில் எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும்? இந்த எண் டிக்கெட்டிலும் இருக்காது, லெட்டரிலும் இருக்காது. சம்பளத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டு, கையெழுத்துப் போடுங்கள்.